வேட்டிக்கு சாக்ஸ்

சிக்கனக்காரன் எல்லா விஷயத்திலும் சிக்கனமாக இருப்பான் என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள். எங்காவது ஓர் இடத்தில் அவனிடம் ஓர் ஓட்டை இருக்கும். சிலருக்கு அது நாக்கில் இருக்கும், சிலருக்குச் சட்டையில் இருக்கும். எனக்குக் காலில் இருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நான் மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குத் தெரியாமல் பியூட்டி பார்லருக்குப் போய்க்கொண்டிருந்தேன். (சிரிப்பவர்கள் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு சிரிக்கவும். பின்னால் தேவைப்படும்.)

என் பெயர் ஏகாம்பரம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வேலை. வீடு அடுத்த ஸ்டேஷனான கவரைப்பேட்டையில். கம்பெனியில் என்னைப் பிசினாரி என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு. வீட்டில் சோப்பு கரைந்து வில்லையாகிவிட்டால் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவேன். "நம்ம ஊட்ல புது சோப்பே வந்தது கெடையாது. நான் பொறந்தப்போ வாங்குன சோப்புதான் இன்னும் ஓடிக்கினு இருக்குது" என்பாள் என் மகள் பவித்ரா.

என் மனைவி லோகேஸ்வரி, அதாவது லோகு, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். இரண்டு கிரைண்டர். காலையிலும் மாலையிலும் ஈர சிமெண்ட் தரையில் மணிக்கணக்காக நின்றுகொண்டே இருப்பாள். அதனால் அவளுக்குக் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. ஒருநாள் டிவியில் ஏதோ ஒரு கிரீமைக் காட்டியபோது, "இன்னாங்க, இத்த ஒண்ணு வாங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"டிவில வர்றவ காலு வெடிச்சாப் போலவா இருக்குது? அவ மாவாட்டுறாளா இன்னா? விளக்கெண்ணெயில மஞ்சளக் குழைச்சித் தடவு, போதும்" என்றேன். பொண்ணு கல்யாணம் முடியும் வரை எதுவும் வாங்கக்கூடாது என்பது அப்போது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டது நான். அவள் விளக்கெண்ணெய் பாட்டிலை எடுக்கப் போனாள்.

இந்தப் பேச்சை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதைச் சுத்தமாக மறந்துபோனேன். லோகு மறக்கவில்லை.

பார்லர் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் மீஞ்சூரில் ஒரு வேலையாகப் போனவன், ஸ்டேஷன் பக்கம் உரக்கடை மாடியில் புதிதாகத் திறந்திருந்த பார்லரின் நோட்டீஸ் ஒன்றை வாங்கினேன். ஆண், பெண் இருபாலருக்கும். 'பெடிக்யூர், முதல் முறை இலவசம்' என்று போட்டிருந்தது. பெடிக்யூர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. இலவசம் என்றால் தெரியும். படியேறிவிட்டேன்.

உள்ளே ஸ்டெல்லா என்றொரு பெண். கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. நான் சேஃப்டி ஷூவைக் கழற்றியதும் ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"அண்ணா, இது காலா, லாரி டயரா?"

"ரெண்டு ஷிஃப்ட்டு ஷூவுக்குள்ளயே கெடக்குதும்மா" என்றேன்.

"பாவம்ணா அது. கொண்டா இங்க."

என் கால் இரண்டையும் ஒரு டப்பில் விட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் உப்பும் பன்னீரும். ஏசி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சாய்கிற நாற்காலி. பேப்பர் கப்பில் லெமன் டீ வேறு. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக என் காலை இன்னொருவர் கையில் எடுத்துத் தேய்த்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (புகை கண்ணில் பட்டது என்று சொல்லலாம்தான், ஆனால் பார்லரில் ஏது புகை?) முக்கால் மணி நேரம் கழித்து மாடிப்படி இறங்கியபோது, கால் எனக்கே புதிதாக இருந்தது. ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் சும்மாவே நடந்து பார்த்தேன்.

அடுத்த மாதம் காசு கொடுத்துப் போனேன். வீட்டுக் காசில் கை வைக்கவில்லை. கேண்டீனில் சாயங்கால டீயையும் போண்டாவையும் மாதம் முழுக்க விட்டுவிட்டால் ஒரு பெடிக்யூர் வந்துவிடும். என் வயிற்றைக் கட்டி என் காலுக்குக் கொடுக்கிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். ஸ்டெல்லா ஓர் அட்டை கொடுத்தாள். ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஓர் ஓட்டை போடுவாள், பத்தாவது தடவை இலவசம். அந்த அட்டையைச் சாமி படம் வைக்கும் இடத்தில், பர்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என்ன சொல்வது? 'ஓ.டி.' என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் கம்பெனி வேலைக்காரன் வீட்டுக்குத் தாமதமாக வருவதற்கு ஓவர்டைமைத் தவிர வேறு காரணமே தேவையில்லை. இரண்டாவது சனிக்கிழமை ஓ.டி. இதற்குப் பணம் கிடையாது, பதிலுக்கு லீவு சேரும் என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தேன். லோகு நம்பினாள். நம்பியது மட்டுமா? பசி தாங்கமாட்டேன் என்று ஓ.டி. சனிக்கிழமைகளில் காலையிலேயே மிச்ச மாவில் குழிப்பணியாரம் சுட்டு டப்பாவில் கட்டிக் கொடுப்பாள்.

மீஞ்சூருக்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயில் கவரைப்பேட்டையில் நிற்கும்போது நான் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி, குனிந்து ஷூ லேஸைக் கட்டுவேன். லேஸ் கட்டி முடிக்கவும் வண்டி கிளம்பவும் சரியாக இருக்கும். மீஞ்சூர் மாடியில் டப்பாவைத் திறந்து நானும் ஸ்டெல்லாவும் பணியாரம் சாப்பிடுவோம். "அண்ணிக்கு இன்னா கைப்பக்குவம்ணா!" என்பாள். நான் அவசரமாக லெமன் டீயை எடுத்துக் குடிப்பேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. முதல் அட்டை முடிந்து, இரண்டாவது அட்டையில் எட்டு ஓட்டை விழுந்தது. பவித்ராவுக்கும் கல்யாணம் கூடியது.

கல்யாண ஏற்பாடுகளில் நான் யாரையும் விடவில்லை. முக்கியமாக வீடியோக்காரரை. அவருடைய கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேரம் பேசினேன். "மேடைக்குப் பக்கத்துல பெரிய எல்.இ.டி. ஸ்கிரீன் ஒண்ணு ஃப்ரீயா போட்டாத்தான் அட்வான்ஸ்" என்று எழுந்து செருப்புக்குள் காலை நுழைக்கும்வரை போனேன். அவர் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இதை வெற்றிச் செய்தியாகச் சொன்னேன். பத்தடி உயர ஸ்கிரீன், பைசா செலவில்லாமல்! நான் என் காலில் எதை எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் இரண்டாவது சனிக்கிழமை. கல்யாண அலைச்சலில் கால் பூரான் கடித்தமாதிரி வலித்தது. "இன்னிக்குமா ஓ.டி.? பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு!" என்று லோகு அங்கலாய்த்தாள். "மேல இருக்கறவங்க உடமாட்டேன்றாங்க" என்றேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே பணியாரம் கட்டினாள்.

மீஞ்சூர் போய்ச் சாய்ந்ததும் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஸ்டெல்லா என் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பத்து விரல் நகமும் மின்னின. தண்ணீர்போல நிறமில்லாத பாலிஷ்தான், ஆனால் உள்ளே ஜிகினாத் தூள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க!"

"பொண்ணு கல்யாணம்னு சொன்னல்ல? என் மொய்யா நெனச்சுக்கோ. இதுக்குக் காசு வேணாம்."

காசு வேண்டாம் என்றதும் என் கோபம் பாதியாகக் குறைந்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அழித்துவிடச் சொன்னேன். அழிக்கிற மருந்து தீர்ந்துபோச்சு, எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் ரிமூவர் என்று கேட்டால் கிடைக்கும் என்றாள். அட்டையில் ஒன்பதாவது ஓட்டையைப் போட்டுக் கொடுத்தாள். ரயில் சத்தம் கேட்டது, ஓடினேன்.

வீடு வரும்வரை யோசித்தேன். காசு கொடுத்து ரிமூவர் வாங்குவதா, வீட்டில் இருக்கும் சாக்ஸைப் போட்டுக்கொள்வதா? மகளிடம் ரிமூவர் இருக்கும், ஆனால் அப்பன் எதற்குக் கேட்கிறான் என்று கேட்பாள். சாக்ஸ் ஜெயித்தது.

நான்கு நாளும் சாக்ஸோடு நடந்தேன். சாக்ஸோடு சாப்பிட்டேன், சாக்ஸோடு தூங்கினேன். கேட்டவர்களிடம் சேற்றுப்புண் என்றேன். முகூர்த்தத்தன்று பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, காலில் சாம்பல் நிறக் கம்பெனி சாக்ஸ். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றபோது, வந்தவர்கள் கும்பிட்டுக்கொண்டே என் காலைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் மட்டும் ஏதோ எங்கள் குலவழக்கம் என்று நினைத்தோ என்னவோ, என் காலைப் பார்த்தும் கும்பிட்டார்.

தாலி கட்டியாயிற்று. அப்பாடா என்று நான் நிமிர்ந்தபோது வீடியோக்காரர் மைக்கில் சொன்னார்: "அடுத்து பாத பூஜை! பொண்ணோட அப்பா அம்மா மேடைக்கு வாங்க."

அதை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை காலைக் கழுவுவதுதான் வழக்கம். பெண் தன் அப்பா அம்மா காலைக் கழுவும் வழக்கம் நடுவில் வந்து சேர்ந்தது, வீடியோவில் நன்றாக வருகிறது என்பதற்காக.

"அதெல்லாம் நம்ம பழக்கம் கெடையாதுங்க" என்றேன்.

"சார், இந்த ஷாட் இல்லாம ஆல்பமே நிக்காது" என்றார் அவர். "ஸ்கிரீன் வேற ஃப்ரீயா போட்டிருக்கேன்."

மேடையில் இரண்டு நாற்காலி. நானும் லோகுவும் உட்கார்ந்தோம். கீழே பித்தளைத் தாம்பாளம், சொம்பில் பால், மஞ்சள், குங்குமம், பூ. கல்யாணப் புடவையில் பவித்ரா முட்டிபோட்டு உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா, சாக்ஸ கழட்டு."

"புண்ணும்மா. அப்படியே மேல தண்ணி தெளிச்சுடு."

"நைனா, எல்லாரும் பாக்கறாங்க, பேஜாரு பண்ணாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லி, இரண்டு சாக்ஸையும் தானே உருவிவிட்டாள்.

மேடை விளக்கு மொத்தமும் என் நகத்தில் அடித்தது. "ஜூம் போடு, ஜூம் போடு" என்று வீடியோக்காரர் காமிராவைப் பிடித்தவருக்குக் கை காட்டினார். நான் பேரம் பேசி வாங்கிய பத்தடி ஸ்கிரீனில் என் பாதம் எழுந்தது. சிவந்த, வழவழப்பான, குழந்தைப் பாதம். பூசணிக்காய் பருமனில் கட்டைவிரல். அதன் நுனியில் ஜிகினா.

மண்டபத்தில் ஒரு நிமிடம் நாதஸ்வரமே நின்றுவிட்டது. (அவர்களும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.) அப்புறம் பின்வரிசையிலிருந்து குரல்கள் வந்தன.

"யாரு காலு இது? பொண்ணு காலா?"

"பொண்ணோட நைனா காலுய்யா!"

"நம்ம ஏகாம்பரமா? சேஃப்டி ஷூவுக்குள்ள ஏசி வெச்சிருக்கானா இன்னா?" இது என் பக்கத்து மெஷின் ஆள். அவன் குரலை எந்தச் சந்தடியிலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

பவித்ராவின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு என் காலைக் கழுவித் துடைத்தாள். அடுத்து அம்மாவின் காலை எடுத்தாள். துடைப்பதற்காக அதைக் கொஞ்சம் தூக்கியபோது காமிராவும் கூடவே தூக்கியது. ஸ்கிரீனில் என் பாதத்துக்குப் பக்கத்தில் லோகுவின் குதிகால் வந்து நின்றது. கருத்து, காய்ந்து, சுற்றிலும் வெடித்து. ஊற்றிய மஞ்சள் பால் அந்த வெடிப்புகளுக்குள் ஓடி நின்றது பத்தடி உயரத்தில் தெரிந்தது.

பின்வரிசைச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. பவித்ராவின் கை நின்றுவிட்டது. அவள் அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "சூப்பர் சிஸ்டர், அப்டியே கன்டினியூ பண்ணுங்க" என்றார் வீடியோக்காரர். நான் லோகுவைப் பார்த்தேன். அவள் மகளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே தாம்பாளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பந்தியில் என் சூப்பர்வைசர் தயாளன் சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோகு பாயசம் ஊற்றப் போனவள், மரியாதையாகத்தான் கேட்டாள்: "ஏன் சார், பொண்ணு கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கசொல்ல கூடவா ஓ.டி. போடுவீங்க?"

"ஓ.டி.யா?" தயாளன் சார் அப்பளத்தை நொறுக்கியபடியே சொன்னார். "ஓ.டி. நிறுத்தி ரெண்டு வருஷமாச்சேம்மா."

நான் இரண்டு இலை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாயச வாளியை லோகு மெதுவாகக் கீழே வைத்தாள். ஐந்து நிமிடத்தில் நான் மணமகள் அறையில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. எதிரே லோகு. பக்கத்தில் அவளுடைய அண்ணன் தணிகாசலம், செவ்வாப்பேட்டையில் லோடு வண்டி ஓட்டுகிறவர், ஆள் வாட்டசாட்டம். ஓரத்தில் மாலையும் கழுத்துமாகப் பவித்ரா.

"யாரு போட்டு உட்டது இது?" என்றாள் லோகு, என் கால் நகத்தைக் காட்டி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லோகு இருபத்தைந்து வருஷமாக என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கோபம் வந்தால் 'ங்க' போய்விடும். அன்றைக்குப் போயிருந்தது. பயத்தில் எனக்குப் பொய் வரவில்லை, உண்மை மட்டும்தான் வந்தது.

"ஸ்டெல்லா" என்றேன்.

மச்சான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

"எந்த ஊரு?"

"மீஞ்சூரு."

"எத்தினி நாளா?"

"ஒண்ணரை வருஷமா. மாசத்துக்கு ஒரு வாட்டிதான்." (அந்தத் 'தான்' என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.)

"ஊடு எடுத்துக் குடுத்துக்கிறியா மாப்ள?" என்றார் மச்சான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"ஊடெல்லாம் இல்ல மச்சான். உரக்கடை மாடியில."

"அங்க போயி இன்னா பண்ணுவ?"

"நான் ஒண்ணுமே பண்ணமாட்டேன், சும்மா சாஞ்சி உக்காந்துக்குவேன். அவதான் எல்லாம் பண்ணுவா."

மச்சான் இரண்டாவது கையையும் மடித்தார். லோகுவின் குரல் உடைந்தது. "நான் கட்டிக்குடுத்த பணியாரம்?"

"அவளுக்கும் ரொம்பப் புடிக்கும் லோகு."

மச்சான் என் பட்டுச் சட்டைக் காலரைப் பிடித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. "கால மட்டும்தான் தொட்டா! கால மட்டும்தான்!" என்று கத்தினேன். அது கதவுக்கு வெளியே சம்பந்தி வீட்டார் வரை கேட்டது என்று பின்னால் சொன்னார்கள். பர்ஸை எடுத்து, அந்த அட்டையை லோகுவிடம் நீட்டினேன்.

அட்டையில் ஒரு பாதத்தின் படம். கீழே 'பெடிக்யூர், பத்தாவது முறை இலவசம்'. ஒன்பது ஓட்டை. லோகு அதை எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தாள். பவித்ரா எட்டிப் பார்த்து, "அம்மா, பெடிக்யூர்மா! நைனா பெடிக்யூர் பண்ணிக்கினு வந்துகிறாரு!" என்று அலறி, மாலையோடு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மச்சானுக்கு விளக்கம் சொல்ல இரண்டு நிமிடம் ஆயிற்று.

"அண்ணா, சட்டைய உடு" என்றாள் லோகு. "இது பொம்பள வெவகாரம் இல்ல. இந்தாளு சின்ன ஊடு வெச்சாலும் பத்தாவது வாட்டி ஃப்ரீயான்னு கேட்டுத்தான் வெப்பாரு. அதுக்கு எவளும் ஒத்துக்க மாட்டா."

மச்சான் சிரித்தார், பவித்ரா சிரித்தாள், தைரியம் வந்து நானும் சிரித்தேன். லோகு சிரிக்கவில்லை. அட்டையை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அன்னிக்கு நான் ஒரு கிரீம் கேட்டேன். எனக்கு விளக்கெண்ண, உனக்குப் பன்னீரா?"

போய்விட்டாள். மச்சான் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. போண்டாவை விட்டேன், டீயை விட்டேன் என்று ஒன்றரை வருஷமாக நான் பேசிவைத்த நியாயம் எதுவும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை, "வா, நீயும் வந்து பாரு" என்று கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை.

பவித்ரா புருஷன் வீட்டுக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு கிரைண்டர். கிரைண்டர்கள்தான் பேசிக்கொண்டிருந்தன. லோகு சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். 'ங்க' மட்டும் திரும்பி வரவில்லை. "சோறு வெச்சிக்கிது, துன்னு." அவ்வளவுதான். நான்கு வாரம் இரண்டு எழுத்துக்காக ஏங்கிக்கிடந்தேன்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை வந்தது. கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்று, "ஓ.டி. போலாமா?" என்றேன்.

"நான் எதுக்கு?"

நல்லது செய்வதாக நினைத்து, இருப்பதிலேயே மோசமான பதிலைச் சொன்னேன். "பத்தாவது வாட்டி ஃப்ரீ."

லோகு நிமிர்ந்தாள். "ஓ! உனக்குன்னா காசு குடுத்து, எனக்குன்னா ஓசியா?"

பர்ஸைத் திறந்தேன். ஒன்பது ஓட்டை விழுந்த அந்த அட்டையை அவள் கண் முன்னால் இரண்டாகக் கிழித்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப்பெரிய ஊதாரித்தனம் அதுதான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் கீழே கிடந்த இரண்டு துண்டையும் பார்த்தாள். குனிந்து எடுத்து, ஈரத்தைப் புடவையில் துடைத்தாள்.

"அறிவுகெட்ட மனுசன்யா நீ. செலோ டேப்பு எங்க? மொத வாட்டி காசு குடு. இத்த அடுத்த மாசத்துக்கு வெச்சிக்கலாம்."

இருபத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் வேறெப்படி இருப்பாள்?

அன்றைக்கு ரயிலில் முதல்முறையாக நான் நிமிர்ந்து உட்கார்ந்து, லேஸைத் தொடாமல் போனேன். மாடிப்படி ஏறியதும் ஸ்டெல்லா எங்களைப் பார்த்தாள், லோகுவின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள், "ஐயோ, பணியாரம் அண்ணி!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். லோகுவுக்கு முறைக்க நேரமே கிடைக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தும் அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம்மா, அசிங்கமா இருக்கும்" என்றாள். ஸ்டெல்லா ஒன்றும் கேலி பேசவில்லை. லாரி டயர் என்று சொல்லவில்லை. "குடுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி, இரண்டு கையாலும் அந்தக் காலை வாங்கித் தண்ணீரில் விட்டாள்.

லோகு கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகிற உர மூட்டைகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"இன்னாங்க."

நான் திரும்பவில்லை. சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

"இன்னாங்க, தண்ணி நல்லா வெதுவெதுன்னு இருக்குதுங்க."

ஒன்றல்ல, மூன்று 'ங்க'. அன்றைக்கு ஸ்டெல்லா என்ன கேட்டிருந்தாலும் பேரம் பேசாமல் கொடுத்திருப்பேன். நல்லவேளையாக அவள் வழக்கமான தொகையைத்தான் கேட்டாள்.

இது நடந்து நாலைந்து வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் சொந்தத்தில் 'ஓ.டி.' என்றால் ஓவர்டைம் இல்லை. மச்சான் செவ்வாப்பேட்டையில் பிரியாணி தின்றால், "ஓ.டி. பார்த்தேன் மாப்ள" என்று போன் செய்கிறார். பவித்ரா தனியாக ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டால் அது ஓ.டி. மாப்பிள்ளையும் பழகிவிட்டார். இரண்டாவது சனிக்கிழமை மாவு வாங்க வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும்: 'இன்று மாலை மாவு இல்லை. ஓ.டி.'

வீடியோக்காரர், ஸ்கிரீனை ஓசியில் வாங்கியதற்குப் பழிவாங்கினாரோ என்னவோ, பாத பூஜை படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இலவசம் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. தாம்பாளத்தில் இரண்டு ஜோடிக் கால்கள்: ஒன்று மின்னும், ஒன்று வெடித்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மின்னுகிற ஜோடியைக் காட்டி, "இது அம்மா காலா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க, அது இவரோடது" என்பாள் லோகு. "என்னுது பழைய படம். புதுசு இந்தா, நேர்லயே பாருங்க" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டிக் காட்டுவாள். ஜிகினாவோடு.